தனுஷ்கோடி வழி வந்த மாணவர்கள்

ஆடி கழிந்து ஆவணி பிறக்கும் நாள்களில், நம்மிடம் பயின்ற மாணவர் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படுமுன் விடைபெற வருவர். வந்தவர் சும்மா போவதில்லை. "ஐயா, அங்கே எப்படி இருந்துகொள்ள வேண்டும், நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்பர். கடல் தாண்டிப் படிக்காத தமிழாசிரியரிடம் இதைக் கேட்பது வேடிக்கைதான். ஆயினும் இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு இக்கேள்விக்கு விடையில்லை என்று கைவிரிக்க மனம் ஒப்பவில்லை. ஒரு காலத்தில் அயல்நாட்டு மாணவர் தமிழகத்துக்குள் நுழைந்த வாசலே நம் கரைதான்.

அயல்நாட்டு மாணவர் என்றதும் எவரையோ நினைக்க வேண்டா. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்தார். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை; மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. வட்டுக்கோட்டையில் கற்று, கடல் கடந்து, சென்னையில் தேர்வெழுதியவர்கள். பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தந்தவர் அந்தத் தாமோதரம் பிள்ளைதான். அன்று கடற்பயணம் தோணிக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. இவ்வளவு நாளில் சேர்வோம் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் நிலைமை மாறிற்று. யாழ்ப்பாணத்து மாணவன் முதலில் தெற்கு நோக்கி மதவாச்சி வரை வந்து, அங்கே மன்னார்ப் பாதைக்கு வண்டி மாறி, தலைமன்னார் துறைக்கு வருவான். கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால், துறையருகிலேயே ரயில் நிற்கும். போட் மெயில் என்ற பெயர் வந்தது இதனால்தான். சிதம்பரம் செல்பவன் மானாமதுரை, திருச்சி, தஞ்சை, மாயவரம் வழியாகப் போய்ச் சேர்வான். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் இவ்வழியே வந்தோர் பலர். விபுலாநந்த அடிகள் 1931 முதல் அங்கே பேராசிரியராக இருந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் 1916-இலேயே தேறியவர் அவர். அச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் நம் சேதுபதி மரபினர் என்பதை இங்கே சொல்லாமல் விட நமக்கு மனமில்லை.

இம்மாணவர்க்கு உற்ற முதல் இடர்ப்பாடு மொழி என்றால் நம் மாணவர் நம்புவதில்லை. தமிழர் தமிழ்நாட்டுக்கு வந்ததில் மொழி இடர் ஏது என்பர். யாழ்ப்பாணத்தில் 'பேசினார்' என்றால் ஏசினார் என்று பொருள். உரையாடுவதைக் 'கதைத்தல்' என்பர். பேராசிரியர் அன்போடு "நாளைக்கு வந்து பேசு" என்று சொன்னால் புதிதாக வந்த மாணவன் திகைக்காமல் என்ன செய்வான்? 'ஆறுதலாக' என்பது அவர்க்கு மெதுவாக என்று பொருள்படும். நமக்கோ அது துக்க வீட்டுச் சொல். 'ஓம்' என்று அவர் உடன்பட்டால் நம்மவர் மந்திரம் ஓதுகிறாரோ என்று பார்ப்பர். ராகிங் கொடுமைக்குப் 'பகிடிவதை' என்று அழகான சொல்லைத் தந்தவரும் அவர்களே. ஆகவே இலண்டனுக்கோ மெல்போர்னுக்கோ போகும் நம் பிள்ளைகளிடம் நாம் முதலில் சொல்வது இது: நீ நன்றாகக் கற்ற ஆங்கிலம்தான் அங்கே உன்னை முதலில் ஏமாற்றும். முற்றிலும் தெரியாத சொல்லைத் துணிந்து கேட்டுவிடுவாய். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லைக் கேட்க வெட்கப்பட்டு வாளாவிருப்பாய்.

மேலைநாட்டில் பயின்று திரும்பியவர்க்கும் தாய்மொழி எளிதாக வாய்க்கவில்லை. ரோமாபுரியில் கற்றுக் குருவான தனிநாயகம் அடிகள், தமிழை முறையாகப் பயில முப்பது வயதைக் கடந்தபின் 1945-இல் அண்ணாமலையில் மாணவராகச் சேர்ந்தார். வயது மிகுந்த மாணவர்க்கு இவரைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.

பணக்கணக்கைப் பொறுத்தவரை காந்தியடிகளை விஞ்சியவர் இல்லை. இலண்டனில் சட்டம் பயின்று மீண்டபின், 1893-94 அளவில், அங்கே செல்லும் இந்திய மாணவர்க்கென ஒரு வழிகாட்டி எழுதினார். அன்று அது அச்சேறவில்லை. வாரம் ஒரு பவுனில் வாழலாம் என்று உடை, உணவு, வாடகை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் காட்டுகிறார். தொகை இன்று உதவாது. நாளும் செலவெழுதும் பழக்கம் உதவும்.

வீட்டு நினைவுக்கு மருந்து கேட்பவரும் உண்டு. இராமேசுவரத்து அப்துல் கலாம், ஐம்பது கிலோமீட்டர் சொச்சத் தொலைவிலுள்ள இராமநாதபுரத்து ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்தே வீட்டை எண்ணி ஏங்கியவர். தாய் செய்யும் போளியின் நினைவு, படிப்பின் ஈர்ப்பையும் வென்றது என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். பாம்பன் பாலத்துக்கு இப்பால் வந்ததற்கே இந்த ஏக்கம். ஆகவே அழுகை வந்தால் அழுதுவிடு என்பதைத் தவிர நாம் வேறொன்றும் சொல்வதில்லை.

தாள்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். இலங்கையின் குடிவரவுச் சட்டம் 1948-இல் வந்தது. அதன் பின்னர், அண்டை ஊருக்குப் போவதுபோல் இருந்த பயணம் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் உரியதாயிற்று. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. 1983-க்குப் பின் அதே கடலில் மாணவர் அல்லர், ஏதிலியர் வந்தனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரை நோய்த்தடுப்புக்கென நிறுத்திவைக்க இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமே அவர்களுக்கும் தங்குமிடமாயிற்று.

நம் மாணவியருள் ஒருத்தி அம்முகாமில் பிறந்தவள். முதல் வகுப்பில் தேறியவள். சென்ற ஆண்டு தோழியர் விடைபெற வந்தபோது அவளும் உடன் வந்து, நாம் சொன்னவற்றையெல்லாம் அவர்களுக்காகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "நீ எப்போது போகிறாய்?" என்று யோசியாமல் கேட்டுவிட்டோம். அவள் கோபிக்கவில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிறகு குடியுரிமைச் சான்று. பிறகு அந்நாட்டுக் கடவுச்சீட்டு. பிறகு இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி. அதன் பின்னரே பல்கலைக்கழகத்தின் விசா என்று விரல்விட்டு எண்ணினாள். எந்தப் படியில் இருக்கிறாய் என்றோம். "முதல் படிதான் ஐயா, பெற்றோர் திருமணப் பதிவு கேட்கிறார்கள், அது ஊரில் எரிந்துவிட்டது" என்றாள்.

அதற்குச் சொல்ல நம்மிடம் குறிப்பு ஏதும் இல்லை. தோழியர் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பியபோது, "ஆறுதலாய்ப் போங்கோ" என்று அவள் வாசலில் நின்று சொன்னாள்.