உடம்பு நம்முடையது, முடிவு யாருடையது? டென்வரிலிருந்து கிகாலி வரை ஒரு வரலாறு

சாதி ஒழிப்புக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன தொடர்பு என்று மாணவத் தோழர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. கிருமிக்குச் சாதி தெரியாது, உண்மைதான். ஆனால் யாரைப் பூட்டி வைப்பது, யாருக்கு எந்த மாத்திரை கொடுப்பது, யாரிடம் விளக்கிச் சொல்வது, யாரிடம் "சொன்னதைச் செய்" என்று மட்டும் சொல்வது என்பதைக் கிருமி முடிவு செய்வதில்லை, மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த அதிகாரத்தை நோயோடு வாழ்பவர்கள் தங்கள் கைக்குக் கொண்டுவரப் போராடிய நாற்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் அரசியல் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரலாறு அது.

பெயரிலிருந்து தொடங்கிய போராட்டம்

1983 ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரில் தன்பாலீர்ப்பாளர்களின் உடல்நலம் பற்றிய மாநாடு நடந்தது. எய்ட்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மருந்து என்று எதுவும் இல்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் பேசிக்கொண்டிருந்த அந்த மாநாட்டின் நிறைவில், நோயோடு வாழ்ந்த சுமார் பன்னிரண்டு பேர் மேடையேறி ஓர் அறிக்கையை வாசித்தார்கள். சான்பிரான்சிஸ்கோ செவிலியர் பாபி கேம்ப்பெல், நியூயார்க் பாடகர் மைக்கேல் காலன் ஆகியோர் அவர்களில் இருந்தார்கள். அந்த அறிக்கைதான் பின்னாளில் டென்வர் கோட்பாடுகள் என்று பெயர் பெற்றது.

எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், நாங்கள் எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. அடுத்தவை இன்னும் கூர்மையானவை. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு குழுவிலும் நாங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிகிச்சையையும் அதன் ஆபத்தையும் முழுமையாக விளக்க வேண்டும். சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. ஆராய்ச்சியில் சேர மறுத்தால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எங்கள் மருத்துவக் குறிப்புகளை ரகசியமாக வைக்க வேண்டும்.

பெயரை ஏன் முதலில் வைத்தார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பின்பு 1922-ல் இழிசொற்களை விலக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றது. பம்பாய் சட்டமன்றத்தில் 1938-ல் ஹரிஜன் என்ற சொல்லைச் சட்டத்தில் நுழைத்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். பரிதாபத்தோடு கொடுக்கப்படும் பெயருக்குள் "உனக்காக நான் முடிவெடுக்கிறேன்" என்ற அதிகாரமும் ஒளிந்திருக்கிறது. 1930-ல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர் முன்வைத்த வாதமும் இதுதான்: நம் குறைகளை நம்மைப்போல் வேறு யாராலும் களைய முடியாது, அதற்கான அதிகாரம் நம் கையில் இருக்க வேண்டும்.

மருந்தின் அளவை யார் சொல்வது?

1987 மார்ச்சில் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் விழுங்க வேண்டும். ரத்தசோகையால் பலர் படுத்துவிட்டார்கள். ஆண்டுச் செலவு சுமார் 10,000 டாலர். அதே மாதம் நியூயார்க்கில் ஆக்ட் அப் இயக்கம் பிறந்தது. 1988 அக்டோபரில் அவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை முற்றுகையிட்ட படங்களை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்கலாம். படத்தில் வராத ஒரு வேலையும் நடந்தது. ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் அவர்களுக்கு மருந்தியல் கற்றுக்கொடுத்தார். அவர்கள் ஆய்வறிக்கைகளைப் படித்தார்கள், ஆய்வுகள் வடிவமைக்கப்பட்ட விதத்தைக் கேள்வி கேட்டார்கள், அரசின் ஆய்வுக் குழுக்களுக்குள் இடம் பிடித்தார்கள். 1990-ல் ஏ.இசட்.டி.யின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. குறைந்த அளவே போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

தெருவில் முழங்கியவர்களே மேசையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் பேசினார்கள். முழக்கத்தால் கதவு திறந்தது. உள்ளே போனபின் பேசுவதற்குப் படிப்பு தேவைப்பட்டது.

இங்கே பூட்டு போட்டார்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இதைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவ வரலாற்றில் அது பெரிய சாதனை. அந்த ரத்தம் யாருடையது என்பதையும் நாம் கேட்க வேண்டும். அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களின் ரத்தம் அது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. அவர்களின் விடுதலைக்காக உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போனார். பரிசோதனையில் தொற்று தெரிந்தது. போலீஸ் அவரைப் பிடித்துப் போய், பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைத்தது. அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. தொட்டால் தீட்டு என்ற புத்தி ஆழமாக வேரோடிய சமூகத்தில், தொற்று என்ற சொல் எவ்வளவு சுலபமாகப் பூட்டாக மாறியது பாருங்கள்.

அந்தப் பூட்டை உடைக்கத் தொற்றோடு வாழ்வோரே அமைப்பாகத் திரண்டார்கள். 1997-ல் சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்தியக் கூட்டமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே பெண்கள் தனியாக ஒரு கூட்டமைப்பு கண்டார்கள். கணவனிடமிருந்து தொற்று வந்து, கணவன் இறந்தபின் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்களின் பிரச்சினைகள், ஆண்கள் நிரம்பிய கூட்டங்களில் கடைசியாகத்தான் பேசப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2001-ல் இந்திய நிறுவனமான சிப்லா மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை மேலை நாடுகளில் விலை 10,000 டாலருக்கு மேல். 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. பின்னர் மருந்துக் கம்பெனிகள் காப்புரிமை கேட்டபோது எதிர்த்து மனு போட்டவர்களும் தொற்றோடு வாழ்வோரின் அமைப்புகளே. 2006-ல் ஒரு கூட்டு மாத்திரைக்கான விண்ணப்பத்தைக் கிளாக்ஸோ திரும்பப் பெற்றது. 2009-ல் டெனோஃபோவிருக்கான காப்புரிமை நிராகரிக்கப்பட்டது.

ஏழைக்கு ஒரே மாத்திரை

இலவசமாகக் கிடைத்தது பெரும் வெற்றி. ஆனால் எந்த மருந்து கிடைத்தது? மலிவாக இருந்ததால் ஏழை நாடுகளெங்கும் ஸ்டாவுடின் கொடுத்தார்கள். அது உயிரைக் காத்தது. நாளாக ஆகக் கன்னம் ஒட்டிப்போனது, கைகால் குச்சியானது, பாதம் எரிந்தது. பணக்கார நாடுகள் அதைக் கைவிட்ட பிறகும் இங்கே தொடர்ந்தது. உலக சுகாதார நிறுவனமே 2009-ல் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது.

முகம் மாறினால் ஊருக்கே தெரிந்துவிடும். பாதம் எரிந்தால் நாற்று நட வயலில் இறங்க முடியாது. ஆய்வகச் சீட்டில் இது "பக்கவிளைவு" என்ற ஒரு சொல். கூலிப் பெண்ணுக்கோ வேலையும் மானமும் போகிற விஷயம்.

ஆளுக்கேற்ற சிகிச்சை என்பது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ஜிடோவுடின் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவருக்கு டெனோஃபோவிர் கொடுக்க யோசிக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் டோலுடெக்ராவிரை இரண்டு வேளை எடுக்க வேண்டும். எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் தரும். அதை இரவில் படுக்கும்முன் போடச் சொல்வார்கள். இரவுக் காவலுக்குப் போகிறவர், இரவில் லாரி ஓட்டுகிறவர் என்ன செய்வார்? அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால்தானே தெரியும்? மருத்துவருக்கு மருந்து தெரியும், வாழ்கிறவருக்கு வாழ்க்கை தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்து எடுக்கும் முடிவுக்குத்தான் கூட்டு முடிவு என்று பெயர்.

கிகாலியில் 39 பெண்கள்

இந்த வரலாற்றின் மிக முக்கியமான பாடம் ஆப்பிரிக்கப் பெண்களிடமிருந்து வந்தது. டோலுடெக்ராவிர் வேகமாகக் கிருமியை அடக்கும், பக்கவிளைவு குறைவு, எதிர்ப்புத் திறன் எளிதில் உருவாகாது. ஆப்பிரிக்க நாடுகள் அதற்கு மாறத் தயாராகிக்கொண்டிருந்த 2018 மே மாதத்தில் போட்ஸ்வானா ஆய்வொன்று எச்சரிக்கை மணி அடித்தது. கருத்தரிக்கும்போது அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் 4 பேருக்கு முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைபாடு இருந்தது. அதாவது ஆயிரத்துக்கு 9. மற்ற மருந்துகளில் ஆயிரத்துக்கு 1.

எச்சரிக்கை தேவைதான். ஆனால் பல நாடுகள் என்ன செய்தன? கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு அந்த மருந்தையே கிட்டத்தட்ட மூடிவிட்டன. குழந்தை வேண்டாம் என்றிருக்கும் பெண், கருத்தடை செய்துகொண்ட பெண், எஃபாவிரென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் தவிக்கும் பெண் என்று எந்த வேறுபாடும் பார்க்கவில்லை. ஆணுக்கு நல்ல மருந்து, பெண்ணுக்குப் பழைய மருந்து. ஒரு பெண்ணை மனுஷியாகப் பார்க்காமல் கருப்பையாக மட்டும் பார்த்த முடிவு அது. எஃபாவிரென்ஸைப் பற்றியும் இதே பயம் முன்பு இருந்தது, பல ஆண்டுகள் கழித்து அது தேவையற்றது என்று தெரியவந்தது என்பதையும் மறந்துவிட்டார்கள்.

2018 ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில் 18 நாடுகளைச் சேர்ந்த, தொற்றோடு வாழும் 39 பெண்கள் கூடினார்கள். ஆய்வு விவரங்களை விஞ்ஞானிகளிடம் கேட்டு, அலசி, ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபத்தை எங்களிடம் மறைக்காதீர்கள், பலனையும் மறைக்காதீர்கள், கருத்தடை வசதியையும் சேர்த்துக் கொடுங்கள், எடுப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்பதே அதன் சாரம். ஒட்டுமொத்தமாகப் பெண்களை விலக்குவதை அவர்கள் ஏற்கவில்லை.

2019 ஜூலைக்குள் கூடுதல் விவரங்கள் சேர்ந்தன. 1,683 பிரசவங்களில் 5 குறைபாடுகள், அதாவது ஆயிரத்துக்கு 3. உலக சுகாதார நிறுவனம் அனைவருக்கும் டோலுடெக்ராவிரையே முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது, பெண்கள் விவரம் தெரிந்து தேர்வு செய்யும் உரிமையையும் வலியுறுத்தியது. பின்னர் எண்ணிக்கை பெருகப் பெருக அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. ஒருவேளை வித்தியாசம் மறையாமலே இருந்திருந்தாலும் கிகாலிப் பெண்களின் கோரிக்கை நியாயமானதுதான். ஆபத்து இருக்கிறது என்பதால் முடிவெடுக்கும் உரிமை பறிபோவதில்லை. ஆபத்து இருக்கும்போதுதான் அந்த உரிமை அதிகம் தேவைப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை

கூட்டு முடிவு என்றால் அறிவியலைத் தூக்கி எறிவது என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அதிபர் எம்பெக்கியின் அரசு எச்.ஐ.வி. அறிவியலையே சந்தேகித்தது. சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். அதை எதிர்த்து நின்றது 1998-ல் தொடங்கிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன். அவர்கள் கறுப்பினக் குடியிருப்புகளில் சிடி4, வைரல் லோட் என்றால் என்ன என்று சாதாரண மக்களுக்கு வகுப்பெடுத்தார்கள். 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்று, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் மருந்தைப் பெற்றுக்கொடுத்தார்கள். ஏமாற்று வைத்தியத்துக்கும் அதிகார மருத்துவத்துக்கும் ஒரே மாற்று மக்கள் கையில் இருக்கும் அறிவுதான்.

நம் முன் உள்ள வேலை

நம் நாட்டில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் பரிசோதனையோ சிகிச்சையோ கூடாது என்கிறது. நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் மருந்து தருவதைப் பற்றிப் பேசும் இடத்தில் "இயன்ற வரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சொல்லைத் தொற்றோடு வாழ்வோர் எதிர்த்தார்கள், நாமும் எதிர்க்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் உள்ள ஒப்புதல், நீண்ட வரிசையில் நிற்பவருக்கு நீட்டப்படும் தாளில் ஒரு கைநாட்டாகச் சுருங்கிவிடலாம். சேரியிலிருந்து போகிற அம்மாவை "ஏம்மா, இங்க வா" என்று அதட்டும் இடத்தில் கேள்வி கேட்க நாக்கு எழாது. கேட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆகவே மாணவத் தோழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்பதற்கு எவருக்கும் உரிமையுள்ள நான்கைந்து கேள்விகள். எனக்குக் கொடுக்கும் மருந்தின் பெயர் என்ன? என்ன பக்கவிளைவு வரலாம்? ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று என்ன? என் வைரல் லோட் எவ்வளவு? பல மாதங்களுக்கு மருந்தை ஒன்றாக வாங்க முடியுமா? கடைசிக் கேள்வி, ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழப்பவருக்கு மிக முக்கியமான கேள்வி.

இவற்றை நம் தெருவில், நம் மொழியில், யாருடைய நிலையையும் கேட்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சர்க்கரை நோய்க்கும் பிரசவத்துக்கும் காசநோய்க்கும் இதே கேள்விகள் பொருந்தும். உள்ளூரில் தொற்றோடு வாழ்வோரின் அமைப்பு இருந்தால் அவர்களை அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அவர்கள் பேசும்போது நாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நமக்காகப் பிறர் பேசியதன் வலியை அறிந்தவர்கள், பிறருக்காகத் தாமே பேசிவிடக் கூடாது.