வன்னியின் வண்டிற் சவாரி

மோட்டார்ப் பந்தயம் என்றதும் உலகோர் நினைவுக்கு வருவது அமெரிக்க நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரம். 1911ஆம் ஆண்டிலே அங்கு நிகழ்ந்த முதலாவது ஐந்நூறு மைல் ஓட்டத்தில் ரே ஹரூன் என்பார் வாகை சூடினார். பின்னால் வருவோரைக் காண்பதற்கென அவர் தம் வண்டியிற் கண்ணாடியொன்றைப் பொருத்தியிருந்தார். அத்தகைய கண்ணாடி இன்று வீதியில் ஓடும் கார்கள் யாவற்றிலும் உண்டு. அங்கே பந்தயம் வீதிக்குக் கற்பித்தது. வன்னி நாட்டிலோ, வீதியும் வயலுமே பந்தயத்தைப் பெற்றெடுத்தன.

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் நெடுவீதி வன்னியை ஊடறுத்துச் செல்வது. 1905ஆம் ஆண்டில் வடக்கு இருப்புப்பாதை முழுமை பெறுமுன், அவ்வீதியிற் பாரம் சுமந்தவை மாட்டு வண்டில்களே. அதன் பின்னரும் களத்து நெல்லை வீட்டுக்கும், காட்டு விறகைச் சந்தைக்கும் கொணர்ந்தவை அவையே. அன்றாடம் உழைத்த எருதுகளின் வலிமையை ஊரார் முன்னிலையில் அளந்தறியும் விழாவாக அமைந்தது சவாரி.

தைப்பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டிச் சவாரித் திடல்கள் களைகட்டும். வண்டில் ஒன்றுக்கு எருதுகள் இரண்டு. வேகம் மட்டும் வெற்றி தருவதில்லை. ஓர் எருது முந்த மற்றது பிந்துமாயின், நுகம் சரிந்து வண்டில் தடம் மாறும். ஆதலின், ஒத்த நடையும் ஒத்த மூச்சும் உள்ள சோடியைத் தேர்ந்து பழக்குவதே இக்கலையின் உயிர்நிலை.

பின்னர் உழவு இயந்திரம் வந்தது. வயலிலும் வீதியிலும் எருதின் வேலை அருகியது. 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் காலத்தில், இடம்பெயர்ந்த வன்னி மக்கள் வீட்டையும் மாட்டையும் ஒருங்கே இழந்தனர். எனினும் மீள்குடியேறிய ஊர்களிற் சவாரி மீண்டும் தொடங்கியது. பிழைப்புக்கு வேண்டாத எருதை ஒருவர் தேடி வாங்கித் தீனியிட்டு வளர்ப்பது, இழந்த வாழ்வின் ஒரு கூற்றை மீட்பதற்கே எனலாம்.

அவ்வாறு மீட்கப்பட்ட மரபுக்கு ஒரு கடப்பாடும் உண்டு. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மோட்டாருக்கு நோவு இல்லை, எருதுக்கு உண்டு. அடித்து ஓட்டிப் பெறும் வெற்றி தடியின் வெற்றியே. வளர்த்தவன் குரலுக்கு எருது பாய்ந்தோடும் திடலிலேதான் வன்னியின் பழம்பெருமை நிலைபெறும்.