மலையகத் தோட்டங்களில் சபை மாற்றமும் மனச்சாட்சியும்: ஒரு மறுவாசிப்பு

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த குடும்பங்களில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள் அந்தத் தாய்ச்சபைகளை விட்டுப் பெந்தகொஸ்தே சபைகளுக்குப் போவது நெடுங்காலமாக நடந்துவருகிறது. இதற்குப் பலரும் சொல்லும் காரணம் ஒன்றே: வறுமையைப் பயன்படுத்தி ஆள் பிடிக்கிறார்கள், உதவிக்காகச் சபை மாறுகிறார்கள். வேறு எதில் முரண்பட்டாலும் இதில் தாய்ச்சபைக் குருமார் சிலரும், இந்து அமைப்புகளும், பௌத்த தேசியவாதிகளும் ஒன்றுபடுகிறார்கள். இதைப் பொய்யென்று நிறுவப் புள்ளிவிவரமும் கைகொடுக்காது. 2012 குடிசன மதிப்பீடு கிறிஸ்தவர்களை ரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர் என்று இரண்டாக மட்டுமே பிரித்தது. மெதடிஸ்தராக இருந்து பெந்தகொஸ்தே சபைக்குப் போனவர் அதில் இடம் மாறவே இல்லை. ஆகவே வரலாற்றையும் சட்டத்தையும் தோட்ட வாழ்வின் அமைப்பையும் கொண்டே இதை ஆராய வேண்டியிருக்கிறது. அப்படி ஆராய்ந்தால், இந்த விலகலை முதலில் மனச்சாட்சியின் செயலாகவே கொள்ள வேண்டும், அதை மறுப்பவரே சான்று தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்துக்குத் திருச்சபை வந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். 1854இல் கண்டிப் பகுதித் தோட்டத் துரைமார் பணம் திரட்ட, சர்ச் மிஷனரி சங்கம் பொறுப்பேற்க, தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் அதை நடத்த வந்தார். உபதேசியார்களும் அங்கிருந்தே வந்தார்கள். தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவில்லாமல் உபதேசியார் தொழிலாளர் வாழ்ந்த லயத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர் சொன்ன நற்செய்தி உண்மையானதாக இருக்கலாம். ஆனால் தொழிலாளியின் கூலியையும் கடனையும் தீர்மானித்தவரின் பணமும் அனுமதியுமே அதைத் தாங்கி நின்றன. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைகளில் துரைமாரின் பெயர்களை இன்றும் படிக்கலாம். அந்த மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கிய தமிழருள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கல் கிடைத்தது? இந்த ஏற்றத்தாழ்வைப் பரம்பரையாகப் பெற்ற ஒருவர், இந்தச் சபை எனக்காக எழுந்ததா என்று கேட்பது அறியாமை அல்ல, அறம் சார்ந்த கேள்வி.

அப்படிக் கேட்டு வெளியேறியவர்கள் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் முன்பே இருக்கிறார்கள். உபதேசியார்களை அனுப்பிய அதே திருநெல்வேலியில், 1849இல் மிஷனரி கால்டுவெல் எழுதிய நூல் தம் சமூகத்தை இழிவுபடுத்தியது என்ற சினத்தோடும், நாசரேத்து மிஷனரியோடு நேர்ந்த மோதலோடும், அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857இல் அங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை கண்டார். அவர் விவிலியத்தைக் கைவிடவில்லை. மிஷனரியின் மேலாண்மையையே மறுத்தார். சனிக்கிழமை வழிபாடு அந்தச் சபையின் அடையாளமாயிற்று. கல்விமானான அவரது விலகலை ஆய்வாளர்கள் சுயமரியாதையின் செயலாக வாசிக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அதே முடிவை எடுக்கும்போது மட்டும் அதை அரிசி மூட்டையால் விளக்குவது நியாயமாகாது.

உதவி பெற்றவர் பலர் உண்டே என்று எதிர்வாதம் எழலாம். உண்டு. ஆனால் தாய்ச்சபைகளும் பள்ளிக்கூடத்தோடும் மருந்தோடும்தான் தோட்டத்துக்குள் வந்தன. உதவி மனச்சாட்சியைச் செல்லாததாக்கும் என்றால், பாட்டன் பாட்டியர் பெற்ற ஞானஸ்நானமும் செல்லாததாகிவிடும். தவிர, பெற்றதை எண்ணுகிறவர்கள் இழந்ததையும் எண்ண வேண்டும். வரிசையாக அடுத்தடுத்த காம்பராக்கள், ஒரே சுவரின் இருபுறமும் உறவுக்காரர் என்று அமைந்த லயத்தில் சபை மாறியதை மறைக்க இயலாது. மாதா கோயில் பெருநாளுக்குப் பணம் தர மறுத்தால், இழவு வீட்டுச் சடங்கில் ஒதுங்கி நின்றால், சாராயம் வேண்டாமென்றால், மறுநாள் காலை மலையில் அருகில் நின்று கொழுந்தெடுப்பவருக்கும் அது தெரியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடத் தடைப்படலாம். ஒரு பொதி அரிசி இவ்வளவு விலைக்கு ஈடாகாது.

உள்ளே இருந்தே திருத்தலாமே என்பது இரண்டாவது எதிர்வாதம். அதற்கு மதிப்பான சான்றுகள் உண்டு. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் கத்தோலிக்கராக இருந்தே உழைத்தார். தம் இறையியல் எழுத்துக்காக 1997இல் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்ட அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய அடுத்த ஆண்டே மீண்டும் ஏற்கப்பட்டார். ஆனால் இருவரும் குருக்கள். பேச மேடையும் எழுத இதழும் அவர்களுக்கு இருந்தன. லயத்தில் வாழும் விசுவாசிக்குத் தன் மறுப்பைத் தெரிவிக்கப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது எழுந்து போவதுதான். புதிய சபைகளிலும் போதகரின் சொல்லே சட்டமாகலாம் என்ற கவலை மெய்யானது. அதனாலேயே விலகும் உரிமை அங்கும் செல்ல வேண்டும்: எந்தச் சபை தன்னைவிட்டுப் போகிறவரைச் சபிக்காமல் அனுப்புகிறதோ, அதுவே மனச்சாட்சியை மதிக்கும் சபை.

விலகும் உரிமையைச் சட்டமும் ஏற்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ ஏற்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. ஆயினும் 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சட்டப்படி பதிவுசெய்வது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம், மதம் பரப்புதலும் பொருளுதவியும் சேர்வதே பிறர் சுதந்திரத்துக்கு ஊறு என்ற தர்க்கத்தை ஏற்றது. அந்த விடயத்தில் இலங்கை உரிமை மீறியதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் கண்டது. பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய 2004இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமோ, அரசின் சமுர்த்தி வறுமை நிவாரணம் பெறுவோர் போன்றோரை மதம் மாற்றினால் தண்டனை கூடும் என்றது. ஏழைக்குத் தானாகத் தீர்மானிக்கும் திறன் குறைவு என்ற எண்ணத்தையே அது சட்டமாக்க முயன்றது. இதே மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இல் பறித்தபோதும், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பங்கிட்டபோதும் அவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. இன்றும் பெரும்பாலான லயக் காம்பராக்களுக்குக் காணி உறுதி இல்லை. நிலம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. புதிய வழிபாட்டிடத்துக்கு அனுமதி கேட்கும் அரசின் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் முன், உறுதியில்லாத இடத்தில் நடக்கும் ஜெபக்கூட்டம் எந்நேரமும் நிறுத்தப்படலாம். வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி வழங்குவதை மதச் சுதந்திரத்தின் பகுதியாகக் கருத வேண்டியது இதனால்தான். தாய்ச்சபைகளும் விலகியவரைத் தூண்டிலில் சிக்கியவராக எண்ணுவதை நிறுத்தி, ஏன் போனீர்கள் என்று கேட்டு, வரும் பதிலைத் தம்மீதான குற்றச்சாட்டாகவே எடுத்து ஆராய வேண்டும்.