ஹைட்ரஜன்-ஆல்ஃபா சூரியத் தொலைநோக்கி: படிம மங்கல்

புதிய ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் முதல் நாள் தெரிவது பெரும்பாலும் வெறும் சிவப்புத் தட்டுதான். அதைப் பழுது என்று முடிவுகட்டுவது அவசரம். இதிலுள்ள எட்டலான் வடிகட்டி 656.28 நானோமீட்டர் கோட்டைச் சுற்றிச் சுமார் 0.07 நானோமீட்டர் அகலத்தை மட்டுமே விடும். அது சற்று விலகினாலும் ஒளிமண்டலத்தின் வெளிச்சம் புகுந்து, நிறமண்டல இழைகளை விழுங்கிவிடும்.

சூரிய விளிம்பைக் கூர்மையாகக் குவித்தபின் இசைவுத் திருகை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். விளிம்புச் சுவாலைகள் பளிச்சிடும் நிலையும் தட்டின் நடுவே இழைகள் கறுக்கும் நிலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

காற்றிடைவெளி எட்டலானுக்கு உயரமும் கணக்கு. சென்னையில் இசைத்ததைச் சுமார் 2,300 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானல் வானாய்வகக் குன்றுக்குக் கொண்டுபோனால், காற்றழுத்தம் குறைந்து, கடத்தும் அலைநீளம் ஏறத்தாழ 0.04 நானோமீட்டர் நீலப்பக்கம் நகரும். காற்றுப்புகாமல் மூடிய வகையில் இத்தொல்லை இல்லை.

மொட்டைமாடியின் நண்பகல் வெக்கையும், மிகைப்பட்ட உருப்பெருக்கமும், கண்ணோரம் விழும் பக்கவெளிச்சமும் மிச்சக் குற்றவாளிகள். கடைசியதற்குத் தலைமேல் ஒரு கறுப்புத் துணி போதும். இரண்டாவது எட்டலான் மாறுபாட்டைக் கூட்டும். படிமம் இருளும், விலையும் கடிக்கும். சோதனைக்காகக்கூட வடிகட்டி எதையும் கழற்றிவிட்டுச் சூரியனைப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும்.