ஆஃப் பண்ணியாச்சா?

ஆண்ட்ராய்டு, செல்போனுக்காகப் பிறந்த சரக்கு இல்லை. 2003-ம் வருடம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஆண்டி ரூபினும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த சின்னக் கம்பெனி அது. டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு மென்பொருள். அவ்வளவுதான் திட்டம். கேமராவில் பெரிய காசு தேறாது என்று தெரிந்ததும் செல்போன் பக்கம் திரும்பினார்கள். 2005-ல் கூகுள் வந்து கம்பெனியையே வாங்கிப் போட்டுவிட்டது. 2008-ல் முதல் போன். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் போனில் போட்டுக்கொள்ளலாம், ஆண்ட்ராய்டு இலவசம் என்றது கூகுள்.

இலவசமா? காமர்ஸ் படித்த புத்தி, உடனே வரவு எங்கே என்று தேடும். கூகுளின் வரவு பெரும்பாலும் விளம்பரத்தில். பிரியாணிக்கடை விளம்பரத்தை ஊருக்கே காட்டுவதைவிட, மத்தியானம் ஒரு மணிக்கு அந்தத் தெருவில் நிற்பவருக்குக் காட்டினால் மதிப்பு அதிகம். அவர் எங்கே நிற்கிறார் என்று அவருடைய போனைவிட யாருக்குத் தெரியும்?

சரி, ஆப்பிள் மட்டும் யோக்கியமா? 2011 ஏப்ரலில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஐபோனைக் குடைந்து ஒரு ஃபைலை வெளியே எடுத்துப் போட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடத்து இடவிவரங்கள், தேதி நேரத்தோடு, பூட்டுகூட இல்லாமல் உள்ளே கிடந்தன. அது நீங்கள் இருந்த இடமில்லை, சுற்றியிருந்த டவர், வை-ஃபை பட்டியல் என்றது ஆப்பிள். அத்தனை மாதம் சேர்த்து வைத்தது தவறுதான். லொகேஷன் வசதியை நிறுத்திய பிறகும் பட்டியல் வளர்ந்ததே? அதுவும் மென்பொருள் கோளாறு. அடுத்த மாதமே சரிசெய்துவிட்டார்கள்.

கவனித்தீர்களா? ஆஃப் பண்ணியும் ஆஃப் ஆகவில்லை. பின்னாளில் கூகுளும் இதே இடத்தில்தான் மாட்டியது.

2017 நவம்பரில் குவார்ட்ஸ் பத்திரிகை ஒரு குட்டை உடைத்தது. லொகேஷனை அணைத்தாலும், சிம் கார்டே போடாவிட்டாலும், ஆண்ட்ராய்டு போன்கள் பக்கத்து டவர்களின் முகவரியைக் கூகுளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த வருட ஆரம்பத்திலிருந்தே. அதைச் சேமிக்கவில்லை, நிறுத்திவிடுகிறோம் என்றது கூகுள்.

2018 ஆகஸ்டில் ஏ.பி. செய்தி நிறுவனம் சொன்னது இன்னும் சுவாரசியம். கூகுளில் ‘லொகேஷன் ஹிஸ்டரி’ என்று ஒரு சுவிட்ச். அதை அணைத்தால் நீங்கள் போகும் இடங்கள் பதிவாகாது என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்லியிருந்தது. நம்பி அணைத்தார்கள். ஆனால் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்று இன்னொரு சுவிட்ச் இருந்தது. பெயரில் இடம், பொருள், ஏவல் எதுவும் கிடையாது. யாரும் தொடாமலேயே ஆன் செய்யப்பட்டிருப்பது அது. மேப்பைத் திறந்தால் போதும், சில சமயம் கூகுளில் எதையாவது தேடினாலே போதும், இடம் அதன் வழியாகப் பதிவானது.

கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் அதை எப்படிப் பூட்டிய வீடு என்பது? அமெரிக்காவின் 40 மாநிலங்கள் சேர்ந்து விசாரித்தன. 2022 நவம்பரில் 39.15 கோடி டாலர் கட்டி கூகுள் சமரசம் செய்துகொண்டது. அதெல்லாம் பழைய நடைமுறை, எப்போதோ மாற்றிவிட்டோம் என்று ஒரு விளக்கமும் கொடுத்தது.

போனால் போகட்டும், ஒரு பிரியாணி விளம்பரம்தானே என்று விட்டுவிடலாமா? அங்கேதான் போலீஸ் வருகிறது. திருட்டு நடந்த இடத்தில் அந்த நேரத்தில் இருந்த எல்லா போன்களின் விவரமும் வேண்டும் என்று அமெரிக்க போலீஸ் வாரன்ட்டோடு கூகுளிடம் போக ஆரம்பித்தது. ஒருவர் மீது சந்தேகம் வந்து அவரைப் பற்றிக் கேட்பது பழைய முறை. இது தலைகீழ். முதலில் அந்த வழியாகப் போன அத்தனை பேரும் பட்டியலில், அப்புறம்தான் சந்தேகம். 2018-ல் இப்படி 982 வாரன்ட்டுகள். 2020-ல் 11,554. கூகுளே வெளியிட்ட கணக்கு.

2021-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத், இரண்டு வகை போன்களையும் சும்மா கிடக்கவிட்டு அளந்தார். இரண்டுமே சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தாய்வீட்டுக்குத் தகவல் அனுப்பின. அளவில் கூகுள் ஆப்பிளைவிடச் சுமார் 20 மடங்கு அதிகம் என்பது அவர் கணக்கு. அளந்த முறையே தப்பு என்றது கூகுள்.

ஆக, பெட்டியிலிருந்து எடுத்த போன், திருடனிடமிருந்து உங்களை நன்றாகவே காப்பாற்றும். செய்து கொடுத்தவரிடமிருந்தும் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தால் அது கொஞ்சம் பேராசை. நாம் எதையும் மாற்றமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐபோனின் சஃபாரியில் கூகுள் தேடல் தானாகவே வந்து நிற்பதற்காக, 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். வழக்கில் வெளிவந்த கணக்கு இது.

2023 டிசம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லொகேஷன் ஹிஸ்டரி இனி நம் போனுக்குள்ளேயே இருக்கும். தன் கையில் இல்லாததை கூகுள் போலீஸிடம் எடுத்துக் கொடுக்க முடியாது. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை.

அந்த இன்னொரு சுவிட்ச்? அது தனி. கூகுள் அக்கவுன்ட்டுக்குள் போய், ‘டேட்டா அண்ட் பிரைவசி’ பக்கத்தைத் திறந்து பாருங்கள்.