புலியும் இருவாச்சியும்: இரு மலேசியச் சின்னங்களின் வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல், சேரர்க்கு வில் என்பதைத் தமிழ் மாணவர் இளவயதிலேயே பயில்கின்றனர். இதனால் மலேசிய நாட்டுச் சின்னத்தைத் தாங்கிநிற்கும் இரு புலிகளையும் சோழர் கொடியோடு இணைத்துக் காணும் ஆர்வம் நம்மிடையே எழுவது இயல்பே. அவ்வாறு கொள்வதற்கு வரலாற்றில் இடமுண்டா? அப்புலியைச் சரவாக் மாநிலச் சின்னமாகிய காண்டாமிருக இருவாச்சியோடு ஒப்பிட்டு, பினாங்கை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

புலி: ஆட்சி வழிவந்த சின்னம்

1895இல் உடன்படிக்கை செய்துகொண்ட பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மாநிலங்களின் கூட்டாட்சியே பாயும் புலியைத் தன் கொடியிலும் அஞ்சல்தலையிலும் பொறித்தது. நாட்டுச் சின்னத்துப் புலிகளும் அம்மரபின் வழிவந்தவையே. சோழர் தொடர்ச்சிக்கு ஈண்டு இடமில்லை. நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாகிய பினாங்கு அக்கூட்டாட்சியில் சேர்ந்ததன்று. 1946இல் மலாயன் யூனியனிலும் 1948இல் மலாயாக் கூட்டரசிலும் இணைக்கப்பட்ட பின்னரே புலி இம்மாநிலத்துக்கும் உரியதாயிற்று. 1957இல் பினாங்கின் பெயரால் வெளிவந்த 10 காசு அஞ்சல்தலையில் புலியைக் காணலாம்.

கூட்டாட்சி புலியைக் கொடியில் உயர்த்துமுன்பே, 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் புலியைக் கொல்வோர்க்கு அரசு பரிசுத்தொகை அளித்துவந்தது என்பது நோக்கத்தக்கது. பயிருக்காகக் காடழிப்போர்க்குப் புலி அச்சமாக இருந்தது. ஆட்சியாளர்க்கோ அது வலிமையின் குறியாயிற்று.

இருவாச்சி: வழக்காறு வழிவந்த சின்னம்

இருவாச்சியின் வரலாறு வேறு. ஈபான் மக்கள் காவாய் கென்யாலாங் என்னும் பெருவிழாவில் மரத்தாற் செதுக்கிய இருவாச்சி உருவத்தை உயர்ந்த கம்பத்தின்மேல் ஏற்றினர். அவ்விழா போரோடு தொடர்புடையது. ஆகவே புலி வீரத்தையும் பறவை அமைதியையும் குறிப்பதாகப் பிரித்தல் பொருந்தாது. வேறுபாடு தோற்றுவாயில் உள்ளது: ஒன்று ஆட்சியாளர் தெரிந்தெடுத்தது, மற்றொன்று மக்கள் வழக்காற்றிலிருந்து மாநிலச் சின்னத்துக்கு உயர்ந்தது. 1963இல் மலேசியா அமைந்தபின், 1965இல் வெளிவந்த பறவை அஞ்சல்தலை வரிசையில் 75 காசுத் தலையில் இருவாச்சி இடம்பெற்றது.

உயிரினமும் சின்னமும்

போர்னியோவில் காட்டுப் புலி இன்று இல்லை. காண்டாமிருக இருவாச்சியோ தீபகற்பத்திலும் போர்னியோவிலும் வாழ்கின்றது. வாழிடத்தை நோக்கின் நாட்டின் இரு பகுதிகளுக்கும் பொதுவானது பறவையே எனலாம். பேராக்கின் பெலும்–தெமெங்கோர் காடுகளில் இரண்டும் உடனுறைகின்றன. பழமுண்டு விதை பரப்பும் இருவாச்சி காட்டை வளர்க்கின்றது. மானையும் பன்றியையும் வேட்டையாடும் புலிக்கு அக்காடே வாழ்விடம்.

முடிவுரை

2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு எனக் காட்டிற்று. காண்டாமிருக இருவாச்சியும் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. சின்னங்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அவை வந்த வழியையும் அவற்றுக்குரிய உயிர்களின் இன்றைய நிலையையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பொருந்தாப் பழம்பெருமையினும் மாணவர்க்குப் பயன்தருவது அதுவேயாம்.