களப்பெயரும் காவலும்

விழுப்புரத்தின் ழகரம் மாவட்டத் தளத்தின் ஆங்கில முகவரியில் லகரமாகி நிற்பதைக் காணுந்தோறும் நமக்கு உறுத்தும். திண்டிவனம் தப்பியது, ண, ன வேறுபாட்டைத் தேடாதவரை!

தொடக்கத்தில் இணையக் கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் இருந்தன. அதனைக் கணினிதோறும் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே கோப்பும் சுமையாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையில் பெயர்ப்பொறுப்பு படிநிலையாகப் பிரித்தளிக்கப்பட்டது. வளநாடு, நாடு, ஊர் என்று சோழர் கல்வெட்டுகள் இடஞ்சுட்டும் அடுக்கை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும், எழுத்து ஆங்கிலமே.

2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பல மொழிகளில் சோதனைக் களப்பெயர்களை நிறுவியது. தமிழுக்குக் கிடைத்தது 'பரிட்சை' (ஆம், குறிலோடுதான்).

இங்கே நமக்குப் பழகிய குழப்பமொன்று காத்திருந்தது. கல்வெட்டில் காண்பது ககரமா, ஒன்று என்னும் எண்ணா? இடம்நோக்கித் துணிகிறோம். கணினிக்கு க, ௧ இரண்டும் வெவ்வேறு குறியீடுகள்; கண்ணுக்கோ ஒன்றேபோல் தோன்றும். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தை எண்ணாக்கி ஒருவர் கேட்க, பதிவகமும் இசைந்தால், பெயருக்கேற்ற கள்ளமுகவரி ஆயத்தம்! முதல்நிலைக் களப்பெயர்களில் தமிழெண்களுக்கு இடமில்லை. அவற்றின்கீழ் வரும் பெயர்களுக்கு என்ன விதி என்பதை அந்தந்தப் பதிவகமே வகுக்கிறது.